ஓய்வுக்குப் பின் 23 ஆண்டுகள்

1919ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து தமிழாசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 64. கும்பகோணத்திலும் சென்னையிலுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பாடம் சொன்னவர். சீவகசிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என ஒரு மொழியின் தலைசிறந்த செல்வங்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். 1906இலேயே அரசு அவருக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் அளித்திருந்தது. இனி அவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வருவோரின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு, எஞ்சிய நாள்களைக் கழித்திருந்தாலும் தமிழுலகம் அவரைக் குறை கூறியிராது. ஆனால் டாக்டர் உ.வே.சாமிநாதையர் அதன் பின்னரும் 23 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 23 ஆண்டுகளும் உழைத்தார்.

ஐயரவர்களின் இளமைக்கால ஏடு தேடலை நம் மாணவர்கள் பாடநூல்களில் படித்திருப்பர். முதுமைக்கால உழைப்பை அந்த அளவுக்கு யாரும் எடுத்துரைப்பதில்லை. இம்மலரில் அதைப் பற்றி எழுத நாம் விரும்பியதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. அதை உரிய இடத்தில் கூறுவோம்.

1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்த சாமிநாதையர், பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இசையையும் கதை சொல்வதையும் ஆதரிப்போர் இருக்கும் ஊர்களை நாடிக் குடும்பம் அடிக்கடி இடம் பெயர்ந்தது. ஓரூரில் தொடங்கிய பாடம் வேறோர் ஊரில் தொடரும். சில வேளைகளில் தொடராமலே நின்றுவிடும். தமிழ் கற்பிக்க வல்லவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக் கேட்டு, அங்கெல்லாம் மகனை அழைத்துச் சென்றார் தந்தை. வறுமையும் வழிநடையும் அவ்விளமைக்கு இரு தோழர்களாயின. பிற்காலத்தில் ஓர் ஏட்டைத் தேடி எவ்வளவு தொலைவும் செல்லத் துணிந்த கால்கள் அந்நாளிலேயே பழகிவிட்டன என்பது நம் எண்ணம்.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, 1876இல் அப்பெருமகனார் மறையும் வரை அவரிடம் பாடம் கேட்டார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் கற்றும் கற்பித்தும் வந்தார். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, கும்பகோணம் கல்லூரியில் அவரது இடம் ஐயருக்குக் கிடைத்தது.

அவ்வாண்டிலேயே நிகழ்ந்த சந்திப்பு ஒன்று தமிழ் இலக்கிய வரலாற்றின் திருப்பமாயிற்று. கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தம்மைக் காண வந்த இளம் பேராசிரியரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என்று ஐயர் நீண்ட பட்டியல் தந்தார். அதனால் முதலியார் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார்; சிந்தாமணியைப் பெயரிட்டே கேட்டார். ஐயர் அதனைக் கண்டதும் இல்லை. இருபத்தைந்து வயதில், கல்லூரி ஆசிரியராகிவிட்ட பின்னர், தமக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்குவது எளிதன்று. பதவி கிடைத்ததும் படிப்பை மூட்டை கட்டிவிடும் நம்மில் பலர் இவ்விடத்தில் சற்றே நின்று செல்லலாம்.

சிந்தாமணி சமண காப்பியம். சைவ மடத்தில் பயின்ற ஐயருக்குச் சமணக் கொள்கைகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலே வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் மாணவராக அமர்ந்து ஐயந் தெளிந்தார். பிற சமயத்தார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்தம் நூலை அவர்களிடமே கேட்டறிந்த அந்தப் பண்பினைச் சமய நல்லிணக்கம் பேசும் மேடைகளில் யாரும் எடுத்துக்காட்டக் காணோம். பகலில் கல்லூரி, இரவில் ஏடு, விடுமுறை வந்தால் அச்சு வேலைக்காகச் சென்னைக்குப் புகைவண்டிப் பயணம். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது.

ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்துப் பார்க்காத மாணவர்களுக்கு அவ்வுழைப்பின் தன்மையைச் சிறிது விளக்குதல் நம் கடமை. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். இவற்றுடன் ஏடெழுதுவோரின் பிழைகளும் செல்லரித்த துளைகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு சொல்லின் உண்மை வடிவத்தைத் துணிய, ஊர் ஊராகச் சென்று திரட்டிய படிகளையெல்லாம் ஒப்புநோக்க வேண்டும். அதே சொல் பிற நூல்களில் எங்கெங்கே வருகிறது என்பது நினைவில் நிற்க வேண்டும். ஆக, பதிப்பாசிரியனுக்குக் காலும் வேண்டும், கண்ணும் வேண்டும், நினைவும் வேண்டும். மூன்றில் ஒன்று ஓய்ந்தாலும் பணி நின்றுவிடும்.

அக்கால் நடந்த வழிகள் பல. பத்துப்பாட்டின் நல்ல படி ஒன்றை நாடி நெல்லைச் சீமையில் அலைந்த ஐயர், ஆழ்வார்திருநகரியில் கவிராயர்களின் வீடுகளில் நாள் கணக்கில் தேடியும் கிடைக்காமல் மனம் தளர்ந்தார். கடைசியில் அவ்வூர்த் திருவிழா இரவில் ஏடு ஒன்று கைக்கு வந்தது. விளக்கு வரும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி நிலவொளியிலேயே அதனைப் பிரித்துப் பார்த்தார். முல்லைப்பாட்டு என்னும் பெயர் கண்ணிற் பட்டது. கரிவலம்வந்தநல்லூரில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. அங்குக் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளைத் தேடிச் சென்றவருக்குக் கிடைத்த செய்தி, அவை நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித் தீயில் இடப்பட்டுவிட்டன என்பதே. ஒரு நாள் முந்தினால் ஒரு நூல் பிழைக்கும், ஒரு நாள் பிந்தினால் அழியும் என்ற நிலை. ஐயரின் ஓயாமைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். திருவல்லிக்கேணியை ஒட்டிய திருவேட்டீசுவரன்பேட்டையில் குடியமர்ந்தார். தம் இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று, கல்லூரி வேலையைத் தமக்கு அளிக்கச் செய்த செட்டியாரின் பெயரை இட்டார். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்லும் நம்மவர் பலர் அப்பக்கத் தெருக்களில் நடந்திருப்பர். அருகே இப்படி ஒரு வீடு இருந்தது என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். 2012இல் அவ்வீடு இடிக்கப்பட்டது.

இனி ஓய்வுக்குப் பிந்தைய காலத்துக்கு வருவோம்.

1924இல், 69ஆம் வயதில், சிதம்பரத்தில் இராசா அண்ணாமலை செட்டியார் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வர் பொறுப்பேற்றார். சென்னை வீட்டையும் பழகிய சூழலையும் விட்டுப் புதிய ஊரில் புதிய நிறுவனத்தைக் கட்டியெழுப்பும் வேலை அது. 1927 வரை அதனைச் செய்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அந்த 1924இலேயே பெருங்கதை வெளிவந்தது. முதலும் இறுதியும் இல்லாமல் கிடைத்த நூல் அது. 1930இல் தக்கயாகப்பரணி. முன்பு பதிப்பித்த நூல்களும் மறுபதிப்பு வரும்போதெல்லாம் புதிய ஏடுகளாலும் புதிய சிந்தனையாலும் திருத்தம் பெற்றன. தாமே செய்த முடிவைத் தாமே மாற்றிக்கொள்ள அவர் கூசியதில்லை. மனம் இறுகிவிட்டவர்க்கு இது கைவராது.

1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் வெளியிட்டது தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாறு, இரண்டு பாகங்களாக. ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ 57 ஆண்டுகள் கழித்து, அவரிடம் பாடம் கேட்டவர்களுள் எஞ்சியிருந்தவர்களிடமெல்லாம் செய்தி திரட்டி எழுதிய நூல். 1935இல் எண்பதாம் ஆண்டு நிறைவைத் தமிழுலகம் கொண்டாடியது. விழா முடிந்த பின்னும் மேசையின் மேல் குறுந்தொகை காத்திருந்தது.

குறுந்தொகையைப் பற்றி ஒரு சொல். 1915இலேயே சௌரிப்பெருமாள் அரங்கனார் அதனை உரையுடன் பதிப்பித்திருந்தார். பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய பழைய உரை கிடைக்கவில்லை. எண்பதைக் கடந்த ஒருவர், முன்னரே அச்சேறிவிட்ட நூலை மீண்டும் ஏடுகளோடு ஒப்பிட்டு, நானூற்றொரு பாட்டுக்கும் தாமே உரை வரைய வேண்டிய கட்டாயம் என்ன? செய்தால் இன்னும் தெளிவாகச் செய்யலாம் என்று தோன்றியதைத் தவிர வேறு கட்டாயம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை. 1937இல் அப்பதிப்பு வந்தது. சிந்தாமணி வெளிவந்து சரியாக 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டில் சென்னையில் காந்தியடிகள் தலைமையில் நடந்த இலக்கிய மாநாட்டில் ஐயர் வரவேற்புரை நிகழ்த்தினார். அதனைக் கேட்ட காந்தியடிகள், இம்முதியவரின் அடியில் அமர்ந்து தமிழ் பயிலும் ஆவல் தமக்கு எழுவதாகக் கூறினார். அப்போது ஐயருக்கு 82 வயது.

நமக்கு மிகுந்த வியப்பைத் தருவது பிறிதொன்று. செய்யுளில் தோய்ந்து வளர்ந்தவர், பண்டிதர் நடையே தமிழ் நடை என்றிருந்த காலத்தில் பயின்றவர், எண்பதை ஒட்டிய வயதில் வார, மாத இதழ்களுக்கு எளிய உரைநடையில் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். தாம் கண்ட வித்துவான்கள், கேட்ட இசைவாணர்கள், ஏடு தந்தவர், தர மறுத்தவர் எல்லாரும் அவற்றில் உயிருடன் நடமாடுகின்றனர். அவர் ஆண்டுகளில் முதிர முதிர நடை இளமையாயிற்று. கி.வா.ஜகந்நாதன் போன்ற இளைஞர்கள் உடனிருந்து துணை புரிந்தனர். அவர்களிடமிருந்து புதிய காலத்தின் காற்று முதியவருக்கும், முதியவரிடமிருந்து புலமை இளைஞர்களுக்கும் சென்றிருக்க வேண்டும்.

முன்னர்க் கூறிய தனிப்பட்ட காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறோம். நம் குடும்பத்துப் பெரியத்தா ஒருவர் பள்ளியாசிரியராக இருந்தவர். நாள்தோறும் இரண்டு கல் தொலைவு நடந்து பள்ளிக்குச் சென்று வந்தவர். சீறாப்புராணத்தில் எந்தப் படலத்தைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார். அவர் ஓய்வு பெற்றதும் நாங்கள் அனைவரும் சேர்ந்து அவருக்கு உண்மையாகவே ஓய்வு கொடுத்தோம். கடைக்குப் புறப்பட்டால் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டோம். அண்டை வீட்டுப் பிள்ளைகள் பாடம் கேட்க வந்தால், பெரியத்தா களைத்திருக்கிறார் என்று திருப்பி அனுப்பினோம். பள்ளிவாசலுக்குக் கூட வண்டி பேசி அனுப்பினோம். அதனை மரியாதை என்றே எண்ணியிருந்தோம். மூன்று ஆண்டுகளுக்குள் அவர் கால் திண்ணையைத் தாண்டவில்லை. பின்னர்ப் படலங்கள் மறந்தன. அதன் பின் எங்கள் பெயர்கள். முதுமையின் நோய்களுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு என்பதை அறிவோம். ஆயினும் அந்தப் பையை வாங்கிய கை நம்முடையது என்னும் நினைவு, ஐயரின் இறுதிக்கால நூல்களைப் புரட்டும்போதெல்லாம் வந்து நிற்கிறது. தியாகராச விலாசத்தில் பாடம் கேட்க வந்தவர்களை யாரும் வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் குறுந்தொகை உரை என்னவாகியிருக்கும்?

1940ஆம் ஆண்டு சனவரியில், 85 வயது நிறையச் சில வாரங்கள் இருந்தபோது, ஆனந்த விகடனில் என் சரித்திரம் என்னும் தொடரை ஐயர் தொடங்கினார். வாரந்தோறும் வெளிவர வேண்டிய தொடர். எழுபது, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் உண்ட உணவு, நடந்த வழி, கேட்ட இராகம், ஆசிரியர் சினந்த வேளை, அவர் பரிவு காட்டிய வேளை ஆகிய அனைத்தையும் நினைவிலிருந்து எடுத்து வைத்தார். ஏடுகளில் பாட வேறுபாடு குறித்துக் குறித்துப் பழகிய மனத்துக்குத் தன் வாழ்வே இப்போது ஒரு சுவடியாயிற்று.

1942 ஏப்ரலில் போர் தமிழகத்தின் வாயிலுக்கு வந்தது. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் சப்பானியர் குண்டு வீசினர். சென்னை மக்கள் ஊரைக் காலி செய்தனர். ஐயரும் குடும்பத்தினரோடு திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். அங்கே ஏப்ரல் 28ஆம் நாள், 87 வயது கடந்திருந்த நிலையில், காலமானார். அவர் சேர்த்த சுவடிகளையும் நூல்களையும் காக்க, மறு ஆண்டிலேயே ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் அவர் பெயரில் ஒரு நூல்நிலையம் தோன்றியது.

என் சரித்திரம் 122 அத்தியாயங்களோடு நிற்கிறது. 1950இல் நூலாக வந்தபோதும் அப்படியே வந்தது. கதை 1898இல் மணிமேகலை வெளிவந்ததை ஒட்டி நின்றுவிடுகிறது. அதன் பின் அவர் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைப் பற்றி, சென்னைக்கு வந்ததையும் ஓய்வு பெற்றதையும் சிதம்பரம் சென்றதையும் குறுந்தொகையோடு போராடியதையும் பற்றி, அவர் கையால் எழுதிய வரலாறு நமக்கு இல்லை. நாம் மேலே கூறிய 23 ஆண்டுகளை அவர்தம் நூல்களின் முகப்பில் உள்ள ஆண்டுகளைக் கொண்டும் உடனிருந்தோர் எழுதியவற்றைக் கொண்டுமே கோத்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத அவருக்கு நேரம் வரும் முன்பே ஏப்ரல் 28 வந்துவிட்டது.