எம்மா கோல்ட்மன்

எம்மா கோல்ட்மன் (ஜூன் 27, 1869 – மே 14, 1940) ஓர் அரசின்மைக் கோட்பாட்டாளரும், பேச்சாளரும், எழுத்தாளரும் ஆவார். உருசியப் பேரரசில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த இவர் தொழிலாளர் உரிமை, பேச்சுரிமை, பெண் விடுதலை ஆகியவற்றுக்காகப் போராடினார். பலமுறை சிறை சென்ற இவர் 1919 இல் அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டார். அதன்பின் தம் வாழ்நாளில் ஒரேயொரு முறை மட்டுமே அந்நாட்டிற்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டார்.

இளமைக் காலம்

எம்மா கோல்ட்மன் இன்றைய லித்துவேனியாவில் உள்ள கோவ்னோ (தற்போது கௌனாஸ்) நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1885 இல் தமக்கை எலெனாவுடன் அமெரிக்காவில் குடியேறி, ரோச்செஸ்டர் நகரில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1887 இல் ஜேக்கப் கெர்ஷ்னர் என்பவரை மணந்தார். கெர்ஷ்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். மனைவிக்குக் கணவரின் குடியுரிமையே உரியது என்பது அக்காலச் சட்டமாதலால், எம்மாவும் அமெரிக்கக் குடிமகள் ஆனார். இம்மணவாழ்வு நீடிக்கவில்லை.

சிக்காகோவின் ஹேமார்க்கெட் நிகழ்வு தொடர்பாக 1887 இல் அரசின்மைவாதிகள் நால்வர் தூக்கிலிடப்பட்டது இவரது மனதை ஆழமாகப் பாதித்தது. 1889 இல் நியூயார்க் சென்ற எம்மா, அங்கு அலெக்சாண்டர் பெர்க்மனைச் சந்தித்தார். இருவரும் வாழ்நாள் தோழர்களாயினர்.

சிறைத் தண்டனைகள்

1893 இல் நியூயார்க்கில் வேலையற்றோர் கூட்டத்தில் பேசியதற்காக, கலகத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டு ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையில் செவிலியர் பணியைக் கற்றுக்கொண்டார். பின்னர் வியன்னா சென்று செவிலியம், மகப்பேற்று உதவி ஆகியவற்றில் பயிற்சி பெற்றார்.

1901 இல் குடியரசுத் தலைவர் மக்கின்லி சுடப்பட்டபோது எம்மாவும் கைது செய்யப்பட்டார். சான்று எதுவும் இல்லாததால் விடுவிக்கப்பட்டார். இக்கொலையைத் தொடர்ந்து, அரசின்மைவாதிகளான அயல்நாட்டவர் அமெரிக்காவிற்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1903 இல் இயற்றப்பட்டது. 1906 இல் எம்மா "மதர் எர்த்" என்ற இதழைத் தொடங்கினார். 1916 இல் கருத்தடை பற்றி உரையாற்றியதற்காக 15 நாட்கள் சிறையில் இருந்தார்.

குடியுரிமை இழப்பு

1909 இல் கெர்ஷ்னரின் குடியுரிமையை அமெரிக்க அரசு நீக்கியது. அவர் உரிய தகுதிகள் இல்லாமலேயே அதனைப் பெற்றார் என்பது அரசின் வாதம். கணவர் வழியாக வந்த எம்மாவின் குடியுரிமையும் இதனால் கேள்விக்குள்ளாயிற்று. வெளிநாடு சென்றால் திரும்ப இயலாது என்று அஞ்சிய அவர், திட்டமிட்டிருந்த ஆஸ்திரேலியப் பயணத்தைக் கைவிட்டார்.

நாடு கடத்தல்

முதல் உலகப்போரில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்ததற்காக 1917 இல் எம்மாவுக்கும் பெர்க்மனுக்கும் இரண்டாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. 1918 இல் இயற்றப்பட்ட சட்டம் அரசின்மைவாதிகளான அயல்நாட்டவரை நாடு கடத்த வழிவகுத்தது. 1919 இல் சிறையிலிருந்து வெளிவந்த எம்மா மீது இச்சட்டம் பாய்ந்தது. நீதித்துறையின் இளம் அதிகாரியான ஜே. எட்கர் ஹூவர் அரசின் நடவடிக்கையை முன்னின்று நடத்தினார். தாம் அமெரிக்கக் குடிமகள் என்ற எம்மாவின் வாதம் ஏற்கப்படவில்லை. டிசம்பர் 21, 1919 அன்று எம்மா, பெர்க்மன் உள்ளிட்ட 249 பேர் "பியூஃபர்ட்" கப்பலில் நியூயார்க்கிலிருந்து அனுப்பப்பட்டனர். பின்லாந்து வழியாக இவர்கள் சோவியத் உருசியாவை அடைந்தனர்.

நாடற்ற வாழ்வு

உருசியாவில் மாற்றுக் கருத்தாளர்கள் ஒடுக்கப்படுவதை எம்மா கண்டார். 1921 இல் குரோன்ஸ்டாட் கடற்படையினரின் கிளர்ச்சி நசுக்கப்பட்ட பின்னர், அவ்வாண்டின் இறுதியில் அங்கிருந்து வெளியேறினார். லாத்வியா, சுவீடன், ஜெர்மனி, இங்கிலாந்து என நாடுவிட்டு நாடு சென்றார். 1925 இல் ஜேம்ஸ் கோல்ட்டன் என்ற வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியைப் பெயரளவில் மணந்து பிரித்தானியக் கடவுச்சீட்டைப் பெற்றார். முதல் மணத்தின் வழியே வந்த குடியுரிமையை இழந்தவர், மற்றொரு மணத்தின் மூலமே எல்லை கடக்கும் உரிமையைப் பெற்றார். பிரான்சில் தங்கி எழுதிய இவரது தன்வரலாறு 1931 இல் வெளிவந்தது.

1934 இல் தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சிஸ் பெர்க்கின்சின் ஒப்புதலுடன் 90 நாட்கள் அமெரிக்காவில் தங்க அனுமதி கிடைத்தது. நாடகம், தன்வரலாறு ஆகியன பற்றி மட்டுமே பேசலாம், அன்றைய அரசியல் பற்றிப் பேசலாகாது என்பது நிபந்தனை. காலம் முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேறினார். 1936 இல் பெர்க்மன் பிரான்சில் காலமானார். அதன்பின் எம்மா எசுப்பானிய உள்நாட்டுப் போரில் அரசின்மைவாதிகளுக்கு ஆதரவாகப் பணியாற்றினார்.

இறுதிக் காலம்

1939 இல் எம்மா கனடா சென்றார். டொராண்டோவில் போர்க்காலச் சட்டத்தின் கீழ் கைதான அட்டிலியோ பொர்தொலோத்தி என்னும் இத்தாலியர், முசோலினி ஆட்சியிலிருந்த தாய்நாட்டிற்குக் கடத்தப்படும் நிலையில் இருந்தார். அவரைக் காக்க எம்மா நிதி திரட்டினார். பொர்தொலோத்தி நாடு கடத்தப்படவில்லை. இதுவே எம்மாவின் கடைசிப் பெரும்பணியாகும்.

1940 பெப்ரவரியில் பக்கவாதத்தால் தாக்கப்பட்ட எம்மா, மே 14 அன்று டொராண்டோவில் காலமானார். அவரது உடலை எல்லை கடந்து எடுத்துவர அமெரிக்க அதிகாரிகள் இசைந்தனர். சிக்காகோவுக்கு அருகேயுள்ள வால்ட்ஹைம் கல்லறையில், ஹேமார்க்கெட் நிகழ்வில் தூக்கிலிடப்பட்டோரின் நினைவுச்சின்னத்திற்கு அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.