இராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளை

பரீட்சை நடத்துவது ஒரு தொழில்; பரீட்சைக்குரிய பாடத்தை ஆக்குவது மற்றொரு தொழில். இவ்விரண்டையும் வெவ்வேறு கைகளில் ஒப்புவித்தல் நன்றே. ஆயின், அங்ஙனம் பங்கிடுங்கால் எவர் பங்கிலும் சேராது நின்றுவிடும் பணியும் உண்டு. அத்தகைய பணியொன்றைத் தாமே மேற்கொண்ட பெரியார் தாமோதரம் பிள்ளை ஆவர்.

இவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் வைரவநாதர். அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் கல்வி பயின்றார். இளமையிலேயே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டார். பின்னர், பார்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானிப் பத்திரிகையின் ஆசிரியராகச் சென்னைக்கு வந்தார்.

நம் இராயபுரத்தில் புகைவண்டி நிலையம் திறக்கப்பெற்றது 1856-இல். மறு ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. இலண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றி எழுந்த அது அந்நாளில் கற்பிக்கும் கழகம் அன்று, பரீட்சிக்கும் கழகமே. பாடம் விதித்தலும் பரீட்சை நடத்தலும் பட்டம் அளித்தலும் அதன் கடமை; கற்பித்தல் கல்லூரிகளின் கடமை. அதன் முதற் பிரவேசப் பரீட்சையில் தேறிய பிள்ளை, 1858-இல் பி. ஏ. பட்டமும் பெற்றார். அவரும், செமினரியில் அவருக்கு ஆசிரியராயிருந்த விசுவநாத பிள்ளையுமே அச்சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள்.

பின்னர் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உயர்பதவி வகித்தார், 1871-இல் பி. எல். பரீட்சையிலும் தேறினார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். எனினும் ஒரு குறை அவர் உள்ளத்தை வருத்தியது. பரீட்சைப் பாடங்களுள் தமிழுக்கு இடம் கிடைத்தும், தமிழின் தொன்னூல்கள் பல ஓலையிலேயே கிடந்தன. அச்சில் வாராத நூலைப் பாடமாக விதித்தல் அரிது. விதியாத நூலைக் கற்பிப்பாரும் அரியர். கற்பாரற்ற ஏட்டைச் செல் அரித்தது. அதனை மீட்பது சர்வகலாசாலையின் கடமையெனவும் வகுக்கப்படவில்லை. கல்லூரிகளின் கடமையெனவும் வகுக்கப்படவில்லை.

பிள்ளையவர்கள் அலுவல் ஒழிந்த நேரத்தை இதற்கே ஈந்தார். பல ஊர்களினின்றும் ஏடு வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை களைந்து, தம் கைப்பொருளையும் செலவிட்டார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் 1868-இல் வெளிவந்தது. வீரசோழியம் 1881-லும், இறையனார் அகப்பொருள் 1883-லும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-லும், கலித்தொகை 1887-லும் தொடர்ந்தன. பள்ளிச் சிறுவர்க்கென வாசக புத்தகங்களும் எழுதினார். 1901 சனவரி 1-ஆம் நாள் சென்னையில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று நம் மாநிலத்தில் பள்ளிப் பாடத்தை வகுக்க மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும், பொதுத்தேர்வு நடத்த அரசுத் தேர்வுகள் இயக்ககமும், நூல் அச்சிடப் பாடநூல் கழகமும் தனித்தனியே உள. இப்பகுப்பு முறையானதே. ஆயினும், எல்லை வகுப்போர் எல்லைகட்கு இடையே கிடக்கும் பணியையும் நோக்குதல் வேண்டும் என்பதே பிள்ளையவர்கள் வாழ்க்கை உணர்த்தும் பாடம். கலித்தொகையைக் கையில் ஏந்திப் பரீட்சைக்குப் படிக்கும் தமிழ் மாணவராகிய நாம், அந்நூல் நம் கைக்கு வந்த வழியையும் நன்றியுடன் நினைப்போமாக.