வண்டியைத் தூக்கும் வண்டி தந்த எர்னஸ்ட் ஹோம்ஸ்

போன மழையில எங்க மாமாவோட வேன் புதுச்சத்திரம் பக்கத்தில் வாய்க்காலுக்குள் சாய்ந்துவிட்டது. உள்ளே மல்லாட்டை மூட்டை. ஊரே கூடி, சிதம்பரத்தில் தேர் வடம் பிடிக்கிற மாதிரி கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்து மாமா பையன் கையில் அடித்ததுதான் மிச்சம். கடைசியில் கடலூரிலிருந்து ரெக்கவரி வண்டி வந்து அரைமணி நேரத்தில் தூக்கிடுச்சு. இதை யார் முதல்ல செஞ்சாங்கன்னு அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

அவர் பெயர் எர்னஸ்ட் ஹோம்ஸ். அமெரிக்காவில் டென்னசி மாநிலம், சட்டனூகா நகரில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தவர். 1916-ல் அவருக்குத் தெரிந்த ஜான் வைலி என்பவரின் ஃபோர்டு கார் ஓர் ஓடையில் கவிழ்ந்தது. ஹோம்ஸ் ஆட்களோடு போனார். கட்டை, கயிறு, கப்பி எல்லாம் வைத்து இழுத்தும் காரை வெளியே எடுக்க சுமார் 8 மணி நேரம் ஆனது. (எங்க வாய்க்கால் கதையேதான்!)

வேறு யாராவது என்றால் களைத்துப் போய்த் தூங்கியிருப்பார்கள். ஹோம்ஸ் பட்டறைக்குத் திரும்பி யோசித்தார். தன்னிடம் இருந்த 1913-ஆம் வருடத்து காடிலாக் காரின் பின்பக்கத்தில் மூன்று கம்பம் நட்டு, கப்பி மாட்டி, சங்கிலி கோர்த்தார். நம்ம கிணற்று ராட்டினம் காரின் மேல் ஏறினது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் செய்தது சரிப்படவில்லை. ஏன் தெரியுமா? பின்னால் பாரம் தொங்கினால் முன் சக்கரம் மேலே எழும்பும், வண்டியே ஆட்டம் காணும். அதனால் இரண்டு பக்கமும் தரையில் ஊன்றிக்கொள்ளும் கால்களை வைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கால்கள்தான். புதுச்சத்திரத்துக்கு வந்த வண்டியும் முதலில் காலைத்தான் இறக்கியது.

அப்புறம் காப்புரிமை வாங்கி, கம்பெனி தொடங்கினார். அவர் வண்டிகளில் இரட்டைக் கை உண்டு. ஒரு கையின் கம்பியை எதிர்ப்பக்கத்து மரத்தில் கட்டிவிட்டு, மறு கையால் விழுந்த வண்டியை இழுக்கலாம். மீட்கப் போன வண்டி பள்ளத்தில் விழாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ லாரிகளில் இவரது கம்பெனியின் இரட்டைக் கைகள் இருந்தன. ஒவ்வொரு கைக்கும் 5 டன் சக்தி.

இன்றைக்குப் பல வகை வந்துவிட்டது. கொக்கி சங்கிலி வண்டி பழசு, காரின் பம்பரைக் கெடுத்துவிடும். சக்கரத்தை மட்டும் கவ்வித் தூக்குவது ஒன்று. காரை முழுசாக முதுகில் ஏற்றிக்கொள்ளும் தட்டு வண்டி இன்னொன்று. நான்கு சக்கரமும் இன்ஜினோடு சேர்ந்து ஓடும் காரை இதில் ஏற்றுவதுதான் நல்லது. இரண்டு சக்கரத்தைத் தூக்கி மற்றதை உருட்டினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெட்டுப்போகும். பஸ், லாரி கவிழ்ந்தால் கை சுற்றித் திரும்பும் பெரிய வண்டி வரும்.

சட்டனூகாவில் 1995-ல் இந்த வண்டிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே 2006 முதல் ஒரு சுவர் இருக்கிறது. சாலையில் மற்றவர் வண்டியை மீட்கப் போய் உயிர்விட்ட ஓட்டுநர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. படித்ததும் அன்று வந்த ரெக்கவரி அண்ணன் ஞாபகம் வந்தது. மழையில் தார் ரோட்டில் முட்டி போட்டுக் கொக்கி மாட்டினார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே கடலூர் பஸ்கள் ஹாரன் அடித்துப் பறந்துகொண்டிருந்தன. நாங்கள் யாரும் ஒரு டார்ச்சை ஆட்டிக்கூட நிறுத்தவில்லை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி