கேட்டது நீலக் கண்... கிடைத்தது 19 வருடப் படுக்கை: டோனாவூர் 'அம்மா' ஏமி கார்மைக்கேல் யார்?

திருநெல்வேலி மாவட்டம் களக்காடு பக்கத்தில் இருக்கிறது டோனாவூர். அந்த ஊரையே ஊர் உலகத்துக்குத் தெரியவைத்தவரின் கல்லறையில் அவர் பெயர் கிடையாது. கல்லறைக் கல் வேண்டாம்னு அவரே சொல்லிவிட்டார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

அந்த அம்மா, ஏமி கார்மைக்கேல். 1867 டிசம்பர் 16ஆம் தேதி வட அயர்லாந்தில் மில்ஐல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவர்.

சின்ன வயசில், அம்மாவைப் போல தனக்கும் நீலக் கண் வேண்டும்னு ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுத் தூங்கினார். காலையில் ஓடிப் போய்க் கண்ணாடி பார்த்தால், அதே பழுப்புக் கண்! பிற்காலத்தில் சேலை கட்டி, தோலில் காபிச் சாயம் பூசிக்கொண்டு கோயில் ஊர்களில் குழந்தைகளைத் தேடி அலைந்தபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றியது என்பார்கள். ஏமியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். இதில் கடைசியில் பதில் கிடைத்துவிடுகிறது இல்லையா, அதனால்தான். பதிலே கிடைக்காத கதை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

மில் பெண்களிடம் ஆரம்பம்

ஏமிக்கு 17 வயதில் அப்பா இறந்துபோனார். பெல்ஃபாஸ்ட் நகர மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வழியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு சர்ச்சுக்கு வருவார்கள். அது பெரிய இடத்து ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்களுக்காகவே ஏமி ஒரு தகரக் கொட்டகைக் கூடம் கட்டினார். திருப்பூர், ஊத்துக்குளி பக்கம் கம்பெனி வேனில் ஷிப்டுக்குப் போகிற பெண்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அவர்கள் யார்னு தனியாக விளக்க வேண்டியதில்லை. கூடத்துக்குப் பணம் கேட்டு ஜெபித்தார், பணம் வந்தது. அப்போதெல்லாம் கேட்டால் கிடைத்தது.

1895இல் இந்தியா வந்தார். அடுத்த 55 வருடம் ஒருமுறைகூட சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. தமிழ் கற்று, திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் போனார். 1901இல் பிரீனா என்ற 7 வயதுச் சிறுமி கோயிலிலிருந்து தப்பி அவரிடம் வந்தாள். ஏற்கெனவே ஒருமுறை தப்பித்துப் பெற்ற தாயிடம் போனவள். பிடித்துக் கொண்டுபோய் கையில் சூடு போட்டிருந்தார்கள். தேவதாசி முறைக்கு விடப்பட்ட அப்படிப்பட்ட சிறுமிகளுக்காகத்தான் டோனாவூர் இல்லம் உருவானது. 1918 முதல் ஆண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல்தான்.

அடுத்தடுத்து மரணங்கள்

1912இல், தமிழ் கற்கத் துணை நின்ற தாமஸ் வாக்கர் இறந்தார். 1913இல் ஏமியின் தாய். இல்லத்தின் தூணாக இருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய். எல்லாரும் ஜெபித்தார்கள், ஆபரேஷனும் நடந்தது. 1915இல் பொன்னம்மாள் போய்விட்டார்.

அந்த ஒரு குழி

1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருத்துவப் பணிக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாயும் நேரம். தப்பான இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் அடிபட்டது. அப்போது வயது 63. கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

எழவில்லை. வலி, தூக்கமில்லாத ராத்திரிகள், விடாத ஜெபங்கள். ஆனால் குணம் வரவேயில்லை. பணம் கேட்டால் வந்தது, குழந்தைகளுக்குச் சாப்பாடு கேட்டால் வந்தது. இது மட்டும் வரவில்லை. ஒரு அறைக்குள்ளேயே 19 வருடம்!

விசுவாசம் குறைவு, அதான் சுகமாகலைன்னு ஏமியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவரும் வலி இல்லாத மாதிரி நடிக்கவில்லை. 'முடியாது' என்பதும் கடவுள் தருகிற பதில்தான் என்று சின்ன வயசிலேயே கற்றிருந்தார். ஆனால் குழந்தைக்கு நீலக் கண் கிடைக்காததும், கிழவிக்கு நடக்க முடியாமல் போனதும் ஒன்றா? அந்தப் பழைய பாடத்தை அவர் தினமும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

படுத்தபடியே எழுதினார். நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் அவருக்குச் சலித்துப்போயின. அதனால் 1933இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' வெளியிட்டார்; ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள் அவை. பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்கு வந்து போவார்கள். ஜெபமும் நடந்துகொண்டே இருந்தது.

1948இல் மறுபடியும் விழுந்தார். அதற்குப் பிறகு அசைவதே கஷ்டம். 1951 ஜனவரி 18ஆம் தேதி, 83 வயதில், டோனாவூரிலேயே இறந்தார். இல்லம் இன்றும் அங்கே இருக்கிறது.