உபகாரச் சம்பளமும் கணித மேதை இராமாநுஜனாரும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் வாழும் நம் அன்பர்தம் இல்லங்களில், ஆண்டுதோறும் வைகாசி ஆனித் திங்கள்களில் தவறாது நிகழும் பேச்சு ஒன்றுண்டு. பிள்ளை கணிதத்தில் வல்லவனாயிருக்கின்றான்; பெண் பௌதிகம் பயில விழைகின்றாள்; கலாசாலைச் சம்பளத்திற்கு என் செய்வது என்பதே அது. குரோம்பேட்டையிலும் கிண்டியிலும் புகழ்வாய்ந்த பொறியியற் கலாசாலைகள் மின்வண்டிப் பயணத்தொலைவிலேயே இருப்பினும், அவற்றின் வாயிலளவும் சென்று மீள்வாரும் உளர். இதனை எண்ணுந்தோறும் நம் நினைவில் எழுவது ஸ்ரீநிவாஸ இராமாநுஜனாரின் சரிதமாகும். அவரைத் தெய்வ அருள் பெற்றவரென வியந்து அவ்வளவில் நின்றுவிடுதல் உலக வழக்கு. எக்காலத்து அவருக்குப் பொருளுதவி கிடைத்தது, எக்காலத்துக் கிடையாதொழிந்தது என்பதனை நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் நம் சமூகத்திற் பிறந்தவரல்லர். அவருக்கு உதவினோர் பலரும் அவர்தம் சமூகத்தினரல்லர் என்பதனைப் படிப்போர் போகப்போக அறிவர்.

இராமாநுஜனார் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் அந்நகரில் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடுவார். அத்தகைய குடும்பத்திற்குப் பள்ளிச் சம்பளம் எளிய பொருளன்று. 1897-இல் நிகழ்ந்த ஆரம்பப் பரீக்ஷையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறியமையால், டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளச் சலுகை அவருக்குக் கிடைத்தது. மெட்ரிகுலேஷன் தேறியபின் 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையிற் சேர்ந்தபோது, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் திறமையுடையார்க்கு அளிக்கப்பெறும் சுப்பிரமணியம் உபகாரச் சம்பளத்தையும் பெற்றார்.

இவ்விடத்திலேதான் இடர் விளைந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று, பள்ளியிற் பயிலும்போதே அவர் கைக்கு வந்திருந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித உண்மைகள் நிரூபணம் பெரிதுமின்றி நிரல்பட அடுக்கப்பெற்ற நூல் அது. அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவும் முயற்சியில் மூழ்கிய இளைஞர் பிற பாடங்களைக் கைவிட்டார், ஆங்கிலத்திற் தவறினார், மேல்வகுப்பிற்கு ஏற்றப்படவில்லை. உபகாரச் சம்பளம் நின்றது. தாயார் கலாசாலைத் தலைவரை நேரிற் கண்டு முறையிட்டும் பயன் விளைந்திலது. சம்பளம் கட்ட வழியின்மையும் நாணமும் ஒருங்கே வருத்த, 1905-இல் எவருக்கும் சொல்லாது விசாகப்பட்டினம் நோக்கிப் புறப்பட்டுவிட்டார். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தார். ஆண்டும் நோயால் இடையூறு நேர்ந்தது. 1907 டிசம்பரில் தனியே எழுதிய எஃப். ஏ. பரீக்ஷையும் கைகூடவில்லை.

அக்கலாசாலைத் தலைவரை நாம் குறைகூற எழுந்தோமல்லேம். விதி என்பது எல்லார்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒருவர்க்குத் தளர்த்தின் மற்றையோர் கேட்பர். எனினும், ஒரு துறையில் ஒப்பற்றவனாய்ப் பிறவற்றில் பின்தங்கிய மாணவனை ஏற்றற்கு அக்காலக் கல்விமுறையில் ஓரிடமேனும் இருந்திலது. இருபத்தைந்தாண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் நாம் அத்தகைய மாணவரை ஒருவரிருவரேனும் கண்டுளோம்.

1909-இல் ஜானகி அம்மையாரை மணந்தார். வேலை தேடி அலைந்த அவர், 1910-இல் கணிதக் குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருக்கோவலூர் சென்று, இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய டிப்டி கலெக்டர் வி. இராமசுவாமி ஐயரைக் கண்டார். அவர் வேண்டியது தாலுகாக் கச்சேரியில் ஒரு சிறு வேலையே. ஏட்டைப் புரட்டிய ஐயரோ, இவரைக் கச்சேரியிற் பூட்டுதல் தகாதென்றெண்ணிச் சென்னையிலுள்ள கணித ஆசிரியர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். நம் கருத்தில் இராமாநுஜனார் சரிதத்தில் மிக அரிய உதவி இதுவேயாம். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவின் தொடர்பு கிட்டியது. அவர் தம் கைப்பொருளிலிருந்து திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்தார். 1911-இல் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் பெர்னூலி எண்களைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது இவ்வுதவி நடந்த காலத்திலாம்.

தனியொருவர் கொடை பெறுவார்க்குச் சுமையாய்த் தோன்றுதல் இயல்பு. உபகாரச் சம்பளம் பெறச் செய்த முயற்சிகள் பலிக்காதுபோகவே, பிறர்க்குப் பாரமாயிருக்க மனமின்றி, 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாய் அமர்ந்தார். அங்கே மேலதிகாரியான எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். இருவரும் இரவில் பலகை எடுத்துக் கணக்கிடுவர். காகிதம் விலையுயர்ந்ததாகலின் இராமாநுஜனார் பலகையில் எழுதி, முழங்கையால் துடைத்து, முடிவை மட்டும் ஏட்டிற் குறித்தார். வழி அழிந்து முடிபுமட்டும் நின்ற அக்குறிப்புக்களுக்குப் பிற்காலத்து அறிஞர் பல்லாண்டு உழைத்து நிரூபணம் கண்டனர். காகிதத்தின் விலை எத்துணைத் தொலைவு எட்டியது காண்மின்!

துறைமுகக் கழகத் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியியல் வல்லுநர். பின்னாளில் தாம்பரத்திற்கு 1937-இல் இடம்பெயர்ந்த கிறிஸ்தவக் கலாசாலையின் ஆசிரியர் ராஸ் என்பாரும், 1920-இல் கிண்டியில் குடியேறிய பொறியியற் கலாசாலையின் ஆசிரியர் கிரிஃபித் என்பாரும் இவர் ஆற்றலை உணர்ந்தோர். 1913 ஜனவரியில் இராமாநுஜனார் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். வானிலை ஆய்வுத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது குறிப்பேட்டைக் கண்டு சர்வகலாசாலைக்குப் பரிந்துரைத்தார்.

சர்வகலாசாலையின் விதியோ, ஆராய்ச்சிச் சம்பளம் எம். ஏ. பட்டம் பெற்றார்க்கே உரியதெனக் கூறிற்று. இராமாநுஜனாரோ எஃப். ஏ. கூடத் தேறாதவர். கணிதப் பாடக்குழுவினர், பொறியியற் கலாசாலை ஆசிரியர் பி. ஹனுமந்த ராவ் தலைமையிற் கூடி, அவருக்கு அளித்தல் தக்கதென்றனர். சிண்டிகேட்டிலும் விவாதம் நிகழ்ந்து, ஆராய்ச்சியை வளர்த்தல் சர்வகலாசாலையின் நோக்கங்களில் ஒன்றாதல் சுட்டப்பெற்று, விதி விலக்கப்பெற்றது. 1913 மே முதல் திங்களுக்கு 75 ரூபாய், இரண்டாண்டுக்கு. துறைமுகக் கழகமும் விடுப்பு அளித்தது. மூன்று திங்களுக்கொருமுறை ஆராய்ச்சி அறிக்கை அளித்தலே அவர் கடமை. மூன்று அறிக்கைகள் அளித்தார். கும்பகோணத்தில் ஒரு விதி பறித்ததைச் சேப்பாக்கத்தில் ஒரு விதிவிலக்கு மீட்டளித்தது. இடையில் கழிந்த எட்டாண்டுகள் மட்டும் மீளவில்லை.

1914-இல் ஹார்டியின் நண்பர் நெவில் சென்னைக்கு வந்து வற்புறுத்தியதன்மேல், ஆண்டுக்கு 250 பவுனும் பயணச் செலவிற்கு 100 பவுனும் சர்வகலாசாலை அளித்தது. அதிலிருந்து திங்கள்தோறும் 60 ரூபாய் பெற்றோர்க்குச் சேர ஏற்பாடு செய்துவிட்டு, மார்ச்சு 17-ஆம் நாள் கப்பலேறினார். பின்னை நிகழ்ந்தவை பலரும் அறிந்தனவே: 1916-இல் ஆராய்ச்சியால் பட்டம், 1918-இல் ராயல் சொஸைட்டி உறுப்பினர் பதவி, அவ்வாண்டே டிரினிடிக் கலாசாலை உறுப்பினர் பதவி, இவற்றோடு தீரா நோயும்.

சென்னைச் சர்வகலாசாலை ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தபோது, 1919 ஜனவரி 11-ஆம் நாள் அதன் பதிவாளர்க்கு அவர் எழுதிய கடிதம் நம் நெஞ்சை விட்டு நீங்காதது. தமக்கு அத்தொகை மிகுதியென்றும், பெற்றோர்க்கு ஆண்டுதோறும் 50 பவுன் போகத் தம் செலவும் கழித்து எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளும் அநாதைகளும் பள்ளிச் சம்பளம் கட்டவும் புத்தகம் பெறவும் செலவிட வேண்டுமென்றும் அதிற் கேட்டிருந்தார். முப்பத்திரண்டு ரூபாய்ச் சம்பளத்திற்கு வழியின்றிக் கும்பகோணத்தைவிட்டு ஓடியவர் எழுதிய கடிதம் அது. அதனை எழுதிய பதினைந்தாம் திங்களில், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், சேத்துப்பட்டில் அவர் உயிர் நீத்தார்.