பிரிஸ்லோனிகாவின் ஓவியர்

உருசிய நாட்டில் வோல்கா ஆறு பாயும், முன்னர் சிம்பிர்ஸ்க் எனப்பட்ட வட்டாரத்தில் பிரிஸ்லோனிகா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1893ஆம் ஆண்டு அர்க்காதி பிளாஸ்தவ் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஊர்த் தேவாலயத்தில் திருவுருவ ஓவியங்களைத் தீட்டியவர். பிளாஸ்தவ் சிறுவனாக இருந்தபோது, அத்தேவாலயத்தைப் புதுப்பிக்க ஓவியர்கள் வந்தனர். அவர்கள் பணி செய்வதைக் கண்ட அவர் உள்ளத்தில், தாமும் ஓவியராக வேண்டும் என்னும் விருப்பம் வேரூன்றியது.

பின்னர் மாஸ்கோ நகருக்குச் சென்று கலைப் பள்ளியில் சிற்பக்கலை பயின்றார். 1917இல் நாட்டில் புரட்சி ஏற்பட்டது. பிளாஸ்தவ் தம் ஊருக்கே திரும்பினார். ஊராருடன் சேர்ந்து வயலில் உழைத்தார், அவர்களையே வரைந்தார். உழவர்கள், மேய்ப்பர்கள், மூதாட்டிகள், குதிரைகள் எனத் தாம் நாள்தோறும் கண்டவற்றை எல்லாம் தாளில் பதிவு செய்தார்.

1931ஆம் ஆண்டு அவ்வூரில் பெருந்தீ மூண்டது. பிளாஸ்தவின் வீடு எரிந்தது. அதுவரை அவர் வரைந்திருந்த படைப்புகள் ஏறத்தாழ அனைத்தும் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது 38. பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தபோதும் அவர் தூரிகையைக் கைவிடவில்லை. வெறுங்கையுடன் மீண்டும் தொடங்கினார். இன்று உலகம் போற்றும் அவருடைய ஓவியங்கள் பெரும்பாலும் அத்தீக்குப் பின் தோன்றியவையே.

1941இல் இட்லரின் செருமானியப் படை சோவியத் நாட்டின்மீது படையெடுத்தது. மறு ஆண்டு பிளாஸ்தவ் ‘பாசிச விமானம் பறந்து சென்றது’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். அது இலையுதிர்காலக் காட்சி. வெண்பட்டை உடைய பிர்ச் மரங்களில் இலைகள் பொன்னிறமாக மின்னுகின்றன. முதலில் நம் கண்ணில் படுவது அந்த அழகுதான். பிறகே கீழே பார்க்கிறோம். ஆடுமாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் புல்லில் முகம் புதைய வீழ்ந்து கிடக்கிறான். அருகில் அவனுடைய நாய் தலையை உயர்த்தி ஊளையிடுகிறது. நாய் நோக்கும் திசையில், தொலைவானில், ஒரு விமானம் சிறு புள்ளியாய் அகல்கிறது.

இவ்வோவியத்தில் போர்க்களம் இல்லை. படைவீரர் எவரும் இல்லை. விமானம் பறந்து சென்றது என்று மட்டுமே தலைப்புக் கூறுகிறது. அது எதை விட்டுச் சென்றது என்பதை நாமே கண்டறிய வேண்டும். மரங்கள் அமைதியாக நிற்பதால் சிறுவனின் மரணம் நம்மை மேலும் வருத்துகிறது.

போர் 1945இல் முடிந்தது. அவ்வாண்டு அவர் ‘புல் அறுப்பு’ என்னும் ஓவியத்தை வரைந்தார். இங்கும் பிர்ச் மரங்கள் உள்ளன. ஆனால் இது கோடைக்காலம். புல்வெளி முழுவதும் பூக்கள். பார்த்தவுடன் மகிழ்ச்சி பிறக்கிறது. எனினும், நீண்ட பிடியுடைய அரிவாள்களுடன் புல் அறுப்போர் யார் என்று நோக்குங்கள். ஓர் இளஞ்சிறுவன், ஒரு பெண், முதியவர் இருவர். வலிமை மிக்க இளைஞர் ஒருவரும் அங்கு இல்லை. போர் முடிந்த கோடையில் அவர்கள் ஏன் வயலில் இல்லை? அவ்வினா மகிழ்ச்சியின் நடுவே ஒரு துயரத்தை உணர்த்துகிறது. இல்லாதவரையும் ஓர் ஓவியம் நினைவூட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

1946இல் பிளாஸ்தவுக்கு நாட்டின் உயரிய அரசுப் பரிசு கிடைத்தது. புகழ் பெற்ற பின்னரும் அவர் தம் ஊரை மறக்கவில்லை. 1972ஆம் ஆண்டு பிரிஸ்லோனிகாவிலேயே காலமானார். மேற்கண்ட இரு ஓவியங்களும் மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் உள்ளன.

சிந்தித்து எழுதுக

1. முதல் ஓவியத்தில் விமானம் மிகச் சிறியதாக வரையப்பட்டிருப்பது ஏன்?
2. ‘புல் அறுப்பு’ மகிழ்ச்சியான ஓவியமா, துயரமான ஓவியமா? காரணத்துடன் விளக்குக.