சிகரத்தின் உயரம் கண்ட கணிப்பாளர்

ஒரு வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் நேர்கோட்டைத் தொடுகோடு என்கிறோம். வட்டத்தின் மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு வரையப்படும் ஆரம், தொடுகோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். அதனால், ஆரத்தின் சாய்வு 4/3 என்றால் தொடுகோட்டின் சாய்வு −3/4 ஆகும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இன்று வகுப்பில் செய்யும் கணக்கு இது. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு, கல்கத்தா மாணவர் ஒருவர் இரண்டு வட்டங்களுக்கும் பொதுவான தொடுகோட்டை வரையப் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ராதாநாத் சிக்தார்.

சிக்தார் 1813இல் பிறந்தார். இந்துக் கல்லூரியில் பேராசிரியர் டைட்லரிடம் கணிதம் பயின்றார். நியூட்டனின் கடினமான நூலைப் படித்த முதல் இந்தியர்களுள் அவரும் ஒருவர்.

அக்காலத்தில் இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும்பணி நடந்துகொண்டிருந்தது. அது 1802இல் சென்னையின் பரங்கிமலை அருகே தொடங்கிய பணி. அதன் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட், கணிதத்தில் தேர்ந்த இளைஞர் ஒருவரைத் தேடினார். டைட்லர் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1831இல் சிக்தார் கணிப்பாளராகச் சேர்ந்தார். அவருடைய திறமையை அறிந்த எவரெஸ்ட், பின்னாளில் அவர் வேறு வேலைக்குச் செல்ல விரும்பியபோதும் விடவில்லை.

சிக்தார் கணக்கோடு நின்றுவிடவில்லை. 1843இல் டேராடூனில், அளவைத் துறைத் தொழிலாளர்களை ஆங்கிலேய நீதிபதி ஒருவர் சட்டத்துக்குப் புறம்பாக வேலை வாங்கினார். சிக்தார் அதை எதிர்த்தார். அதற்காக அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அன்று அது பெருந்தொகை.

பின்னர் அவர் கல்கத்தாவில் தலைமைக் கணிப்பாளர் ஆனார். இமயமலையில் 15 என்ற எண்ணால் மட்டுமே அறியப்பட்ட சிகரத்தின் அளவுகள் அங்கு வந்தன. நேப்பாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், 160 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்துதான் அதைப் பார்த்து அளந்திருந்தனர். இங்கே தொடுகோடு மீண்டும் வந்தது. அளக்கும் கருவியின் கிடைக்கோடு, பூமி என்ற மாபெரும் வட்டத்தின் தொடுகோடு. அந்தக் கோடு நேராகச் செல்ல, பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. 160 கிலோமீட்டர் தொலைவில் இந்த இறக்கம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அது நம் புக்கிட் தீமா குன்றைப் போல 12 குன்றுகளை அடுக்கிய உயரம்! காற்று ஒளியை வளைப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றில் சிறு பிழை நேர்ந்தாலும் உயரம் மாறிவிடும்.

1852இல் அதுவே உலகின் மிக உயரமான சிகரம் என்று தெரியவந்தது. மேலும் பல முறை சரிபார்த்து, 1856இல் 29,002 அடி, அதாவது 8,840 மீட்டர், என்று அறிவித்தனர். இன்றைய அளவு 8,848.86 மீட்டர். அளந்தவர்களும் கணக்கிட்டவர்களும் பலர். ஆனாலும், சிகரத்துக்கு ஓய்வுபெற்றுவிட்ட எவரெஸ்டின் பெயரே சூட்டப்பட்டது. எவரெஸ்டே அதை விரும்பவில்லை.

சிக்தார் 1870இல் காலமானார். நில அளவைக் கையேட்டின் முதற்பதிப்பில் அவருடைய பங்களிப்புக்கு நன்றி கூறப்பட்டிருந்தது. 1875இல் வந்த பதிப்பில் அவருடைய கணக்குகள் இருந்தன, பெயர் இல்லை. ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றே அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2004இல் இந்திய அஞ்சல்துறை அவருடைய உருவத்துடன் தபால்தலை வெளியிட்டது.